நம் தெருவிலும் தனி டம்ளரா?

இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆகிறது. சிறுசேரிக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் காலனியில் லாரி ஓட்டுநர் ஒருவர் இறந்துபோனார். முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. பழைய மகாபலிபுரம் சாலை அப்போது இவ்வளவு அகலம் இல்லை. கண்ணாடிக் கட்டடங்கள் வரவில்லை. சிப்காட் என்று சொல்லி நிலத்தைச் சுற்றிக் கம்பி போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

காலனியில் சாவு என்றால் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. சேதி காதில் விழுந்ததும் ஆண்கள் மூங்கில் வெட்டப் போவார்கள், பெண்கள் தலைமாட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். ஊர்ப் பக்கம் சாவு விழுந்தாலும் பறையெடுத்துப் போனவர்கள், குழி வெட்டியவர்கள், சேதி சொல்லப் பத்து மைல் நடந்தவர்கள் நம் பாட்டனும் அப்பனும்தான். எந்தச் சாவுக்கும் முகம் சுளிக்காத அந்தத் தெரு அன்று கதவைச் சாத்திக்கொண்டது. அவர் சேர்ந்திருந்த மருத்துவமனையிலிருந்து ஒரு வார்த்தை முன்பே கசிந்திருந்தது: எய்ட்ஸ்.

பாடை கட்ட ஆள் வரவில்லை. இறந்தவரின் மைத்துனர்கள் இருவர் எங்கேயோ போய் ஒரு மீன்பாடி வண்டியைக் கேட்டு வாங்கி வந்தார்கள். பிணத்தைப் போர்வையில் சுற்றி அதில் ஏற்றி, சுடுகாடுவரை தள்ளிக்கொண்டு போனார்கள். பின்னால் அவர் மனைவி கைக்குழந்தையோடு நடந்தார். அம்பேத்கர் பெயரில் இளைஞர் மன்றம் வைத்திருந்த நாங்கள் மன்றத்துத் திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவரும் இறங்கிப் போகவில்லை.

இந்தப் பத்தியில் இதுவரை பிறர் நமக்குச் செய்த தீண்டாமையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். இந்த வாரம் நாம் செய்த ஒன்றைப் பற்றி எழுதுகிறோம்.

அந்தப் பெண்ணுக்கும் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. குழந்தைக்கு இல்லை. புகுந்த வீட்டார் அவருக்குத் தனி டம்ளர், தனித் தட்டு வைத்தார்கள். அவர் தண்ணீர் அடித்துவிட்டுப் போனபின் கை பம்பின் பிடியைச் சாம்பல் போட்டுக் கழுவினார்கள். சில மாதங்களில் வீட்டை விட்டே அனுப்பினார்கள். டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்தவர்களை எதிர்த்து மனு எழுதிக் கொடுத்த தெரு அது. அதே தெருவில் ஒரு வீட்டுக்குள் இரண்டாவது டம்ளர் வந்தபோது அதைத் தீண்டாமை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அந்த அக்கா சாகவில்லை. இன்றும் இருக்கிறார், வேலைக்குப் போகிறார். அவர் எப்படிப் பிழைத்தார் என்பது அவர் ஒருவர் கதை மட்டுமில்லை. நம் மாவட்டத்துக்கும் அதில் பெரிய பங்கு இருக்கிறது.

சென்னையில் தெரிந்தது, தாம்பரத்தில் தணிந்தது

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரியவந்தது சென்னையில்தான். 1986-ஆம் ஆண்டு, சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் அந்த ஆய்வைச் செய்தார்கள். பாலியல் தொழில் செய்ததாகப் பிடித்துக் காப்பகத்தில் அடைத்து வைக்கப்பட்டிருந்த ஏழைப் பெண்களிடமிருந்து நிர்மலா ரத்தம் சேகரித்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப் போய்ச் சோதித்தபோது ஆறு பேரின் ரத்தத்தில் கிருமி இருப்பது தெரிந்தது.

நாடு அதிர்ந்தது. ஆனால் பழி யார் தலையில் விழுந்தது? அந்தப் பெண்களின் தலையில். அவர்களுக்கு அந்தக் கிருமியைக் கொடுத்த ஆண்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இது ஒழுக்கங்கெட்டவர்களுக்கு வரும் நோய் என்ற பேச்சு அன்றைக்கே வேர் பிடித்துவிட்டது. இப்போதும் மருந்தால் தீராமல் நிற்பது அந்தப் பேச்சுதான்.

தாம்பரம் சானடோரியம் என்றால் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 1928-இல் மருத்துவர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம். பிறகு அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை ஆனது. எச்.ஐ.வி. உள்ளவர்களைச் சேர்க்கப் பல மருத்துவமனைகள் தயங்கிய 1990-களின் தொடக்கத்தில், 1993 முதல், அது கதவைத் திறந்து வைத்தது. காரணம் உண்டு. எச்.ஐ.வி. உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தின்றுவிடும். அதற்குப்பின் முதலில் வந்து ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் காசநோய்தான். காசநோய்க்கு என்று இருந்த அந்த மருத்துவமனைக்கு ஆந்திரத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வேறெங்கும் படுக்கை கிடைக்காதவர்கள் அங்கே படுத்தார்கள்.

அப்போது மருந்து இல்லாமல் இல்லை, விலைதான் எட்டாத விலை. மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டு சிகிச்சை 1996 முதல் மேலைநாடுகளில் உயிர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஓர் ஆளுக்கு ஓர் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல். கூலி வேலை செய்கிறவர் ஏழு பிறவி உழைத்தாலும் வாங்க முடியாது. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம் அதே மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. ஏழை நாடுகளின் கணக்கே அதற்குப்பின் மாறியது. நோயோடு வாழ்ந்தவர்கள் உலகெங்கும் தெருவில் இறங்கிப் போராடினார்கள். நம் பக்கத்தில் நாமக்கல் மாவட்டத்துக் கௌசல்யா, கணவரிடமிருந்து தனக்கு எச்.ஐ.வி. வந்ததை வெளிப்படையாகச் சொல்லி, 1998-இல் சென்னையில் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். பெயரையும் முகத்தையும் மறைக்காமல் நின்ற முதல் பெண்களில் அவர் ஒருவர்.

2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. நாட்டில் முதலில் எட்டு மருத்துவமனைகள்தான். அதில் ஒன்று தாம்பரம்.

நம் அக்கா அந்த வரிசையில் போய் நின்றார். அப்போது அவர் எடை முப்பது கிலோவுக்கும் கீழே. கேளம்பாக்கம் போய், வண்டலூர் வழியாகத் தாம்பரத்துக்குப் பஸ். அங்கிருந்து ஒரே ஒரு ஸ்டேஷன் மின்சார ரயில். போக வர ஒரு நாள் கூலி போகும். "நான் செத்தாலும் பரவால்ல தம்பி, எம் பொண்ணு வாழணும்னுதான் முத மாத்திரைய முழுங்குனேன்" என்றார். மகளுக்குப் போன வருடம் கல்யாணம் ஆயிற்று.

எண்கள் சொல்வது

2001-இல் தமிழ்நாட்டில் பரிசோதிக்கப்பட்ட கர்ப்பிணிகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் சற்று அதிகமானவர்களுக்கு எச்.ஐ.வி. இருந்தது. இப்போது ஆயிரத்துக்கு இரண்டு பேருக்கும் குறைவு. நாட்டிலேயே முதலில், 1994-இல், எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கென்று தனிச் சங்கம் அமைத்த மாநிலம் நம்முடையது. புள்ளி ராஜா விளம்பரம் சுவரெல்லாம் நின்று கேள்வி கேட்ட காலம் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த விளம்பரம் ஆணுறையைப் பற்றிப் பேச வைத்தது. கூடவே சிரிக்கவும் வைத்தது. ராஜா என்று பெயர் வைத்த பையன்கள் பள்ளிக்கூடத்தில் பட்ட பாடும் நினைவிருக்கும்.

உலகக் கணக்கு: 2004-இல் ஓர் ஆண்டில் சுமார் 20 லட்சம் பேர் எய்ட்ஸால் இறந்தார்கள். 2024-இல் அது 6.3 லட்சம் அளவுக்கு இறங்கியிருக்கிறது. சுமார் 4 கோடிப் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறார்கள். அவர்களில் 3 கோடிக்கும் மேற்பட்டோர் மருந்து எடுத்துக்கொள்கிறார்கள். இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர்.

மருந்தும் மாறிவிட்டது. 2004-இல் உடம்பு மிகவும் தளர்ந்தபின்தான் மருந்து தொடங்குவார்கள். 2017 முதல், கிருமி இருப்பது தெரிந்த உடனே எல்லோருக்கும் மருந்து. இப்போது பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாத்திரை. நிலைமை சீராக இருப்பவர்களுக்குச் சில மாதத்து மாத்திரைகளை மொத்தமாகவும் கொடுக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு செய்தி இன்னும் நம் தெருக்களுக்கு வந்து சேரவில்லை. மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு வந்தால் சில மாதங்களில் ரத்தத்தில் கிருமியின் அளவு சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். அப்படிக் குறைந்த நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் மற்றவருக்குக் கிருமி பரவாது. பல நாடுகளில் பல்லாயிரம் முறை பார்த்து உறுதி செய்த உண்மை இது. எச்.ஐ.வி. உள்ள தாய் கர்ப்பத்திலேயே மருந்து எடுத்து, பிறந்த குழந்தைக்கும் மருந்து கொடுத்தால், நூறு குழந்தைகளில் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவை கிருமி இல்லாமல் வளரும். எதுவும் செய்யாமல் விட்டால் நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து குழந்தைகள்வரை தப்பாது.

ஒரே டம்ளரில் தண்ணீர் குடிப்பதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கட்டிப் பிடிப்பதாலோ, கொசுக் கடியாலோ, கக்கூஸைப் பகிர்ந்துகொள்வதாலோ, பிணத்தைத் தோளில் சுமப்பதாலோ இது பரவாது. அன்றைக்கும் பரவாது. இது நாங்கள் திண்ணையில் நின்ற காலத்திலேயே தெரிந்திருந்த உண்மை.

மருந்து இருக்கிறது, பிறகென்ன?

மருந்து இலவசம், சோதனை இலவசம். பிறகும் ஏன் ஆட்கள் சாகிறார்கள்? சோதனைக்குப் போக வெட்கம். தெரிந்துவிட்டால் சொல்ல பயம். மாத்திரை டப்பாவை ஒளித்து வைக்க இடமில்லாத வீடு. விடுப்பு கேட்டால் காரணம் கேட்கும் மேஸ்திரி. நான்கு நாள் விட்டு, பத்து நாள் விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்குக் கிருமி பழகிவிடும். பிறகு அந்த மருந்து வேலை செய்யாது.

நம் அக்கா இன்று சிப்காட்டில் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை செய்கிறார். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்திலிருந்தும் நாவலூர், படூர் பக்கத்துக் காலனிகளிலிருந்தும் காலையில் கம்பெனி வேன்களில் வந்து இறங்கும் நூற்றுக்கணக்கான பெண்களில் ஒருவர். கான்ட்ராக்ட் வேலை. தாம்பரம் போகும் நாளில் "சுகர் மாத்திரை வாங்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் பையிலிருந்து ஒரு சில்வர் டம்ளர் எட்டிப் பார்த்தது. கேட்டோம். "வேலை எடத்துல யாருக்கும் தெரியாது தம்பி. தெரிஞ்சா அப்புறம் தனியா வெப்பாங்க. அதுக்கு முன்னாடி நானே எடுத்துட்டுப் போயிடுறேன்" என்றார். இருபது வருடத்துக்கு முன் ஒரு வீட்டில் வைத்த தனி டம்ளரை அவர் இன்றும் பையில் சுமக்கிறார்.

நம்மில் பலருக்கு இது புதிதாகத் தோன்றாது. டீக்கடைக்குப் போகும் முன்னே பெஞ்சில் உட்காராமல் ஓரமாய் நிற்கப் பழகிய தாத்தாக்களைப் பார்த்தவர்கள் நாம்.

சாத்தூர் சொல்லும் பாடம்

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அரசு மருத்துவமனையில் ரத்தசோகைக்காக ரத்தம் ஏற்றப்பட்ட ஒரு கர்ப்பிணிக்கு அந்த ரத்தத்தின் மூலம் எச்.ஐ.வி. வந்தது. தமிழகமே கொதித்தது. கொதிக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கதையில் இன்னொருவர் இருக்கிறார். ரத்தம் கொடுத்த பத்தொன்பது வயது இளைஞர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முகாமில் அவர் கொடுத்த ரத்தத்தில் கிருமி தெரிந்திருக்கிறது. சேதி அவருக்குப் போய்ச் சேரவில்லை. உறவினர் ஒருவருக்குத் தேவை என்று மீண்டும் ரத்தம் கொடுத்தார். வெளிநாட்டு வேலைக்காகச் செய்த மருத்துவப் பரிசோதனையில்தான் அவருக்கே விஷயம் தெரிந்தது. தெரிந்ததும் அவர் ஓடி ஒளியவில்லை. தன் ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று தானாகவே மருத்துவமனைக்குச் சொன்னார். அதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது. அந்த மாத முடிவுக்குள் விஷம் குடித்து இறந்துபோனார்.

அவர் செய்த தவறு என்ன? ஒன்றுமில்லை. தவறு சேதியைச் சொல்லாமல் விட்ட, ரத்தத்தைச் சரியாகச் சோதிக்காமல் விட்ட ஏற்பாட்டில் இருந்தது. அந்தப் பையனை ஒரு வாரம் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு மாத்திரைதான்டா, எல்லாரையும் மாதிரி நீயும் அறுபது வயசு வரைக்கும் இருப்பே" என்று சொல்லியிருந்தால் அவர் இன்று நம்மோடு இருந்திருக்கலாம். கிருமி அவரைக் கொல்லவில்லை.

குப்பையில் கிடக்கும் ஊசி

இது இந்தப் பத்தியில் வர வேண்டிய விஷயமா என்று சிலர் கேட்கலாம். கிருமிக்குச் சாதி தெரியாது. ஆனால் கிருமி வந்தபின் யாருக்கு லீவு கிடைக்கிறது, யாருக்கு வாடகை வீடு போகிறது, யாரை ஆஸ்பத்திரியில் கடைசிக் கட்டிலுக்குத் தள்ளுகிறார்கள் என்பதில் சாதி இருக்கிறது. ஏற்கெனவே ஒரு தீண்டாமையைச் சுமப்பவர் தோளில் இன்னொன்றும் ஏறுகிறது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஊரின் குப்பையை வெறுங்கையால் அள்ளுகிறவர்கள் யார்? வீட்டில் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுவிட்டு அந்த ஊசியைச் சாப்பாட்டுக் குப்பையோடு பாலிதீன் பையில் கட்டிப் போடுகிறோம். சவரம் செய்த பிளேடு, உடைந்த கண்ணாடி, சின்ன கிளினிக்குகள் திருட்டுத்தனமாகக் கொட்டும் ஊசி, பஞ்சு எல்லாம் அந்தக் கைகளில்தான் குத்துகின்றன. கிருமி உள்ள ரத்தம் ஈரமாக இருக்கும் ஊசி குத்தினாலும் எச்.ஐ.வி. வருவதற்கான வாய்ப்பு ஆயிரத்துக்கு மூன்று அளவுதான். பல நாள் காய்ந்து கிடந்த ஊசியில் அதைவிடவும் மிகக் குறைவு. ஆனால் மஞ்சள் காமாலை வகையைச் சேர்ந்த ஹெபடைடிஸ் பி இதைவிட மிக எளிதாகப் பரவும்.

தூய்மைப் பணியாளர்களும் அவர்கள் பிள்ளைகளும் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஊசி குத்தினால் வாயை வைத்து உறிஞ்சக் கூடாது, பிதுக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். உடனே, முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தேவை என்று மருத்துவர் கருதினால் தடுப்பு மருந்து கொடுப்பார். 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, கனமான கையுறை, காலுக்கு பூட்ஸ் ஆகியவற்றைப் பஞ்சாயத்திடமும் கான்ட்ராக்டரிடமும் கேட்டு வாங்குங்கள்.

சட்டம் நம் பக்கம்

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது சொல்வது சுருக்கமாக இது: ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அவருக்குப் பரிசோதனை செய்யக் கூடாது. முடிவை மற்றவருக்குச் சொல்லக் கூடாது. எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக வேலையைவிட்டு நீக்கவோ, பள்ளியில் சேர்க்க மறுக்கவோ, சிகிச்சை மறுக்கவோ, வீடு வாடகைக்குத் தர மறுக்கவோ கூடாது. குடும்ப வீட்டில் தொடர்ந்து வாழும் உரிமை அவருக்கு உண்டு. எச்.ஐ.வி. உள்ளவர்கள்மீது வெறுப்பைப் பரப்பிப் பேசினால் மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இதற்கென்று புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும்.

சிறுசேரியில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்யும் கம்பெனிகள் வரிசையாக இருக்கின்றன. அடையாள அட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போகும் நம் பிள்ளைகள், உங்கள் கம்பெனியில் அந்தப் புகார் அலுவலர் யார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கான்ட்ராக்டில் தரை துடைக்கும் அக்காவுக்கும் அவர்தானா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

நாம் செய்யக் கூடியவை

பெரிய பணமோ பதவியோ இல்லாமல் செய்யக் கூடியவை இவை.

முதலாவது, சோதனை செய்துகொள்வது. அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 'நம்பிக்கை மையம்' இருக்கிறது. இலவசம், ரகசியம். பெண்கள் கர்ப்பகாலத்தில் எப்படியும் சோதிக்கப்படுகிறார்கள். தட்டிக் கழிப்பவர்கள் ஆண்கள்தான். ஆண்களே, முதலில் நீங்கள் போங்கள். ஆணுறையும் அங்கேயே கிடைக்கும், வெட்கப்பட ஒன்றுமில்லை. சந்தேகம் இருந்தால் 1097 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். பேர் சொல்ல வேண்டியதில்லை. மனம் உடைந்து போனவர்கள் 104-இல் பேசலாம்.

இரண்டாவது, வாயைக் காப்பது. ஒருவர் நிலை நமக்குத் தெரிந்தால் அது நம்மோடு நிற்க வேண்டும். "உன்கிட்ட மட்டும் சொல்றேன்" என்று தொடங்கும் பேச்சுதான் ஒரு குடும்பத்தையே ஊரைவிட்டுத் துரத்துகிறது. இறந்தவர் எதனால் இறந்தார் என்று துக்க வீட்டில் துருவாதீர்கள்.

மூன்றாவது, கூடப் போவது. தாம்பரத்துக்கோ செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கோ தனியாகப் போகப் பயப்படுபவரோடு ஒரு நாள் போய் வாருங்கள். அன்றைக்கு அவர் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வாருங்கள். மாத்திரை நேரத்துக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

நான்காவது, கூட உட்காருவது. கல்யாணத்துக்குக் கூப்பிடுங்கள், பந்தியில் பக்கத்து இலையில் உட்காருங்கள். குழந்தையைத் தூக்கக் கொடுங்கள். சுய உதவிக் குழுவில் சேருங்கள்.

ஐந்தாவது, குப்பை. ஊசி, பிளேடு எல்லாவற்றையும் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடித் தனியாகக் கொடுங்கள். நாப்கினைக் காகிதத்தில் சுற்றி அடையாளம் தெரியும்படி தனியே கொடுங்கள்.

ஆறாவது, ரத்த தானம். பணத்துக்காக இல்லாமல் மனமுவந்து கொடுக்கும் ரத்தமே பாதுகாப்பான ரத்தம். முகாமில் கேட்கும் கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்லுங்கள். எச்.ஐ.வி. இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காக ரத்தம் கொடுக்காதீர்கள். கிருமி புதிதாக வந்தவருக்குச் சோதனையில் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். சந்தேகம் இருப்பவர் போக வேண்டிய இடம் நம்பிக்கை மையம்.

மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் கல்லூரியில் செஞ்சுருள் சங்கம் இருக்கும். டிசம்பர் 1 அன்று சிவப்பு ரிப்பன் குத்திப் படம் எடுத்துக்கொள்வதோடு நிறுத்தாதீர்கள். கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து பரவாது என்ற அந்த ஒரு செய்தியை உங்கள் தெருவில் பத்து வீட்டுக்குச் சொல்லுங்கள். 'எய்ட்ஸ் கேஸ்' என்று யாராவது சொன்னால், 'எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறவர்' என்று திருத்துங்கள். அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று, நம் ஊரில் பரிசோதனை முகாம் எப்போது, தூய்மைப் பணியாளருக்குக் கையுறை எங்கே என்று கேளுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

டிசம்பர் 1-ம் டிசம்பர் 6-ம்

உலக எய்ட்ஸ் தினத்துக்கும் அண்ணல் அம்பேத்கர் நினைவு நாளுக்கும் நடுவே ஐந்தே நாள்தான். ஆறாம் தேதி காலை நம் காலனிகளில் எல்லாம் சிலைக்கு மாலை விழும், நீல நிறக் கொடி ஏறும். தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று அரசமைப்புச் சட்டத்தில் எழுத வைக்க வாழ்நாளெல்லாம் போராடிய மனிதருக்கு முன்னால் நிற்கும்போது, நம் வீட்டு அலமாரியில் தனியாக ஒரு டம்ளர் இருந்தால் அதை என்ன சொல்வது? மாலை போடும் முன் அந்த டம்ளரை எடுத்து மற்றவற்றோடு சேர்த்துக் கழுவி வையுங்கள்.

அன்று மீன்பாடி வண்டியின் பின்னால் போகாத எங்களில் மூன்று பேர் போன மாதம் அந்த அக்காவைப் போய்ப் பார்த்தோம். மன்னிப்புக் கேட்கத்தான் போனோம். கேட்டோம். அவர் வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அன்னிக்கி ஒரு ஆளாவது வந்திருந்தா எங்க அண்ணனுங்களுக்குக் கை வலிச்சிருக்காது" என்றார். அவர் வீட்டுக்கு வரச் சொல்லி அழைத்ததும் எங்கள் நண்பரின் அம்மா டீ போட்டுக் கொடுத்தார். அக்கா பையில் கைவிட்டுத் தன் டம்ளரை எடுத்தார். அம்மா அதை வாங்கி அடுப்பங்கரையில் வைத்துவிட்டு, எங்கள் எல்லோருக்கும் கொடுத்த அதே கண்ணாடி கிளாஸில் அவருக்கும் ஊற்றிக் கொடுத்தார்.

அவர் குடித்தார். வீட்டுக்குப் புறப்பட்டபோது சில்வர் டம்ளரை மறந்துவிட்டுப் போய்விட்டார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

(அடையாளம் தெரியாமல் இருக்க, அந்தப் பெண்ணைப் பற்றிய சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)